பலகை வெடித்த மத்தியானம்

எங்கள் ஊரில் பெரிய சத்தம் கேட்டால் "என்ன சத்தம்?" என்று யாரும் கேட்பதில்லை. "எந்த லெவல்?" என்றுதான் கேட்பார்கள். லெவல் என்பது ஊருக்கு அடியில் இருக்கும் தங்கச் சுரங்கத்தில் ஆழத்துக்கு ஆழம் குடைந்த தளம். அங்கே பூமிக்குக் கீழே வெகு ஆழத்தில், மேலிருக்கும் பாரம் தாங்காமல் பாறை வெடிக்கும். அதற்கு ஏர் பிளாஸ்ட் என்று பெயர். மேலே எங்கள் சாம்பியன் ரீப்ஸில் அலமாரியில் இருக்கும் டம்ளர்கள் ஆடும், சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிரும். உடனே கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளிலிருந்து பெண்கள் எல்லோரும் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டை நோக்கி ஓடுவார்கள். அடுப்பில் எது இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு ஆடினால் டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுவிடுவார். அவர் வீட்டுக்காரரும் உள்ளே வேலை செய்தவர்தான்.

அப்பா டிம்பர்மேன். குடைந்த பாதை இடிந்து விழாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கும் வேலை அவருக்கு. முட்டுக்கும் பாறைக்கும் நடுவே சந்து இருக்கக் கூடாது. இருந்தால் பாறை அசையும். அதனால் கண்ணில் படும் சந்திலெல்லாம் மர ஆப்பு அடித்து இறுக்குவார்கள். அதையே செய்து செய்து எங்கள் லைன் ஆண்களுக்குச் சந்து என்றாலே கண்ணை உறுத்தும். வீட்டில் மேஜை ஆடினாலும் கதவு ஆடினாலும் எங்கிருந்தோ ஒரு சின்ன ஆப்பு வந்துவிடும். இது எங்களுக்குப் பெருமையான விஷயம்தான். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா வேலை செய்த லெவலில் பிளாஸ்ட் ஆனது. மற்றவர்களை மேலே கொண்டுவந்துவிட்டார்கள். அப்பா நின்றிருந்த பக்கம் போக வழியில்லை. தோண்டினார்கள், தோண்டத் தோண்டச் சரிந்தது. கடைசியில் அந்தப் பக்கத்தைச் சுவர் வைத்து மூடிவிட்டார்கள். அப்பா இறந்துவிட்டதாகச் சுரங்கக் கம்பெனி சொன்னது, சர்ச்சில் போதகர் சொன்னார், லைன் முழுக்கச் சொன்னது. அம்மா மட்டும் சொல்லவில்லை.

"கண்ணால பாக்காம எப்டி சொல்றது?" என்று கேட்டாள். அழவில்லை. தாலியைக் கழற்றவில்லை. போதகர் ஒரு ஆராதனை வைத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் நடலாம் என்றபோது, "உள்ள ஆளே இல்லாத குழிக்குக் கல்லு இன்னாத்துக்கு?" என்று எழுந்து போய்விட்டாள். அப்பாவுக்குப் பதிலாக அவளுக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கொடுத்தார்கள். அதை அவள் வாங்கிக்கொண்ட விதமே வேறு. ரயிலில் வரப்போகிற ஒருவருக்காகத் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பதுபோல அந்த வேலையைப் பிடித்து வைத்திருந்தாள்.

அம்மாவுக்குப் பைத்தியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கணக்கு வழக்கு, சர்ச்சு, சீட்டு, ரேஷன் எல்லாவற்றிலும் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளிடம் பேச்சு எடுபடாது. சமையலறையில் அம்மிக்குழவியைத் தூக்கிக் கீழே வைக்கும்போது தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் வைப்பதுபோல மெதுவாக வைப்பாள். நான் ஒருமுறை அதைத் தொப்பென்று போட்டுவிட்டேன். "மெல்ல வையேன் பாப்பா, கீழ கேக்கும்" என்றாள். சொன்ன பிறகு வெங்காயம் அரிய ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அன்று முழுவதும் அந்த இடத்தில் கால் வைக்கவே கூசியது. ஷாஃப்டின் வழிகள் ஊருக்கு அடியில் எந்தப் பக்கமெல்லாம் போகின்றன என்று எனக்குத் தெரியாது. அப்பா எங்கள் சமையலறைக்குக் கீழே இருக்கலாம், சர்ச்சுக்குக் கீழே இருக்கலாம், ஊரிகம் போகும் ரோட்டுக்குக் கீழே இருக்கலாம். அந்த ஊரில் நான் எங்கே நடந்தாலும் அவர் மேல்தான் நடந்துகொண்டிருந்தேன்.

படித்து முடித்ததும் எனக்குப் பெங்களூரில் மரத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு கூடத்தில் வேலை கிடைத்தது. எந்த மரம் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று கணக்கெடுப்பது என் வேலை. தங்க வீடும் தருவதாகச் சொன்னார்கள். அம்மா வரமாட்டேன் என்றாள். "அவரு வந்து பாத்தா வீடு பூட்டிக் கீதுன்னு திரும்பிப் போயிடுவாரு." ஆகவே தினமும் விடியற்காலை ரயில், பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர், சாயங்காலம் அதே வழியில் திரும்பி. ரயிலில் உட்கார்ந்து தூங்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. எரிச்சலோடுதான் போய்வந்தேன், ஒளிப்பானேன். அப்பா இல்லை என்று அம்மா தன் வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், இந்த ஊரை விட்டுக் கிளம்பிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் பங்காருபேட்டை பிளாட்பாரத்தில் நினைத்துக்கொள்வேன்.

கூடத்தில் எங்கள் பிரிவின் தலைவர் மைசூர்ப் பக்கத்துக்காரர். மனிதர் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் ஒட்டும், ஒட்டாது என்று இரண்டாகத்தான் பிரிப்பார். நான் அவருக்குப் பசைக்காரர் என்று பெயர் வைத்திருந்தேன். அப்போது கடையில் விற்ற மரத்தூள் பலகைகளில் ஒரு மருந்து வாடை வரும், மூடிய அறையில் கண் எரியும். அந்த மருந்து இல்லாமல், மரப்பட்டையிலிருந்து இறக்கிய துவர்ப்புச் சாற்றையும் புளியங்கொட்டை மாவையும் வைத்து ஒரு பசை காய்ச்சியிருந்தார். கோலார்ப் பக்கம் எங்கே பார்த்தாலும் தைலமரத் தோப்புகள். கம்பங்களை வெட்டி ஏற்றிப்போன பிறகு கிளைகளும் பட்டையும் அங்கேயே கிடந்து மக்கும், இல்லையென்றால் எரியும். அந்தக் கழிவைத் துருவி, இந்தப் பசையைச் சேர்த்துச் சூட்டில் அழுத்தினால் பலகை. புதிதாக ஒரு மரத்தைக்கூட வெட்ட வேண்டாம். பலகை நன்றாகத்தான் வந்தது. ஆனால் பார்க்கக் காய்ந்த சாணி மாதிரி இருந்தது, யாரும் தொடக்கூட மாட்டேன் என்றார்கள்.

அதற்காகத்தான் வடிவமைப்புப் படித்த ஒரு பெண்ணை மேலிடம் எங்களோடு சேர்த்துவிட்டது. குட்டையாக வெட்டிய தலைமுடி, தோளில் ஒரு ஜோல்னாப் பை, எதைப் பார்த்தாலும் முதலில் கையால் தடவிப் பார்க்கும் வழக்கம். வந்த அன்றே பசைக்காரரிடம், "சார், இந்தப் பலகை எங்க இருக்கப் போகுது? யார் வீட்ல?" என்று கேட்டாள். அவர் பலகை எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொன்னார். அவள் மறுபடியும் யார் வீட்டில் என்று கேட்டாள். அவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று சொன்னார். ஒரு வாரம் இதே கூத்து. இருவரும் கன்னடத்தில் சண்டை போடுவார்கள், கோபம் ஏறினால் ஆங்கிலத்துக்குப் போவார்கள், நான் நடுவில் டீ குடிப்பேன்.

ஆனால் அந்தச் சண்டையில்தான் பலகை உருப்பட்டது. அவள் துருவலை நீளமாகச் சீவச் சொன்னாள். அழுத்தியபோது மேலே ரேகை ஓடியது, சாணி நிறம் போய்த் தேன் நிறம் வந்தது. நீளச் சீவலுக்குப் பசை குறைவாகப் போதும் என்று அவர் கண்டுபிடித்து, அவளைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார். பிறகு தகரக் கூரைக்கு அடியில் அந்தப் பலகையை சீலிங்காகப் போட்டால் வெயில் இறங்காது என்ற முடிவுக்கு இருவருமே வந்தார்கள். தகரக் கூரை வீடு எங்கே என்று தேடினார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கோடையில் அம்மா ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது. "எங்க லைன்ல போடலாம்" என்றேன்.

மாசி மாதம் பலகைகள் லாரியில் வந்தன. எங்கள் லைனில் எல்லா வீட்டுக்கும் ஒரே நீளக் கூரை, நடுவில் சுவர்கள் மட்டும். டிசைன் பெண் இரண்டு பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்குச் சந்து விட்டுப் பொருத்தச் சொன்னாள். மழைக்காலத்தில் பலகை காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், உப்ப இடம் வேண்டும் என்று பசைக்காரரும் தலையாட்டினார். சந்தை அடைக்கக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். எல்லோரும் "சரிங்கம்மா, சரிங்க சார்" என்றார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் அண்ணாந்து பார்த்து, "இன்னா, இவ்ளோ சந்து விட்டுக் கீறீங்க" என்றாள். அம்மாவுக்குத் தேன் நிறம் பிடித்திருந்தது. "மெத்தை வீடு மாதிரி கீது" என்று டிசைன் பெண்ணின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

அவர்கள் இருவரும் பெங்களூருக்குத் திரும்பிய பிறகு காற்று அடிக்க ஆரம்பித்தது. எங்கள் ஊரைச் சுற்றி, பாறையை அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் மலை மலையாக நிற்கிறது. காற்று அடித்தால் அந்த வெள்ளை மண் தகரத்துக்கு அடியில் புகுந்து, சீலிங் சந்து வழியாகச் சோற்றில் விழுந்தது. அவ்வளவுதான். லைன் ஆண்கள் ஷிஃப்ட் முடிந்து வந்து ஏணி போட்டு ஏறினார்கள். எந்தச் சந்தையும் விடவில்லை. நல்ல காய்ந்த மரத்தைச் சீவி, ஆப்பு அடித்து, சுவரிலிருந்து சுவர்வரை இறுக்கினார்கள். நான் ஒருநாள் சாயங்காலம் ரயிலிலிருந்து வந்து அண்ணாந்து பார்த்தால் ஒரு கோடு வெளிச்சம்கூடத் தெரியவில்லை. கோபத்தில் கத்தினேன். எதிர்வீட்டு அண்ணன், அவரும் டிம்பர்மேன், என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"உங்கப்பா இருந்தா இத மொத நாளே அடிச்சிருப்பாரு" என்றார். அம்மா உடனே, "வந்தா பாத்துட்டு நல்லா கீதுன்னு சொல்வாரு" என்றாள். அண்ணன் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆப்புகளை எப்படி எடுப்பது என்று கேட்க டிசைன் பெண்ணை அளவெடுக்கும் கருவிகளோடு அழைத்துக்கொண்டு வருவதற்குள் கோடை மழை பிடித்துக்கொண்டது.

நாங்கள் வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். இரண்டு நாளாகப் பெய்த மழை விட்டிருந்தது. காற்று ஈரமாகக் கனத்துக் கிடந்தது. அம்மாவுக்கு அன்று வேலை இல்லை. எங்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் அண்ணாந்து பார்த்தேன். பலகைகள் நடுவில் வயிறு தள்ளியிருந்தன. "இது நல்லால்ல" என்று டிசைன் பெண்ணிடம் சொல்லி முடிப்பதற்குள் லைனின் கடைசி வீட்டில் டமார் என்று ஒரு வெடி. அடுத்த வீட்டில் ஒன்று. ஒரு பலகை விட்டுக்கொடுத்ததும் இறுக்கமெல்லாம் அடுத்ததன் மேல் போய், வெடி வீடு வீடாக எங்களை நோக்கி வந்தது. எங்கள் தலைக்கு மேல் வெடித்தபோது சுவரே அதிர்ந்தது. தட்டில் வெள்ளை மண் கொட்டியது.

எனக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். உப்பிய பலகையின் சத்தம். அது தெரிந்தும் என் கால்கள் எழுந்துவிட்டன. வெளியே ஏற்கெனவே எல்லாப் பெண்களும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் கரண்டி, ஒருத்தி தலையில் சோப்பு நுரை. "எந்த லெவலு? எந்த லெவலு?" என்று கேட்டுக்கொண்டே சேற்றில் ஓடினார்கள். "பலகைதான், பலகைதான் வெடிச்சுது" என்று நான் பின்னால் கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் ஓட வேண்டும் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். டிசைன் பெண் என் கையைப் பிடித்து, "எங்க போறாங்க எல்லாரும்?" என்று கேட்டாள். அவளையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். எல்லோருக்கும் முன்னால், செருப்பில்லாமல், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் அம்மா ஓடிக்கொண்டிருந்தாள்.

ஷாஃப்ட் வாசலில் டைம் ஆபீஸ்காரர் குழம்பிப்போய் நின்றார். உள்ளே போகிறவர்களின் பித்தளை வில்லைகளை நம்பர் பார்த்து வாங்கி வைப்பவர் அவர்தான். கீழே போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்து, "பிளாஸ்ட் ஒண்ணும் ஆகல. எல்லாம் நல்லா கீறாங்க, போங்க" என்றார். பெண்கள் மூச்சு வாங்கினார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், இரண்டு பேர் சிரிக்கவும் ஆரம்பித்தார்கள். அம்மா மட்டும் கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் போனாள். ஒரு நம்பரைச் சொன்னாள். அப்பாவின் வில்லை நம்பர்.

"அவரு எப்டி கீறாரு?" என்று கேட்டாள்.

டைம் ஆபீஸ்காரருக்கு அம்மாவைத் தெரியும். அப்பாவையும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவர் மெதுவாக, "நல்லா கீறாரும்மா. நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார்.

அம்மா தலையாட்டினாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அப்பா சிக்கிய பிளாஸ்டின்போது இதே கதவில் மூன்று நாள் நின்றாள். இந்த ஒரு வார்த்தையை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டார்கள். திரும்பும் வழியெல்லாம் சாதாரணமாகப் பேசிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு, மண் விழுந்த சோற்றைக் கொட்டி, எங்களுக்கு மறுபடி உலை வைத்தாள். டிசைன் பெண் பின்பக்கம் போய் அழுதாள். எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருடம் அம்மா ஒரு பிடிவாதத்தில் இருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் நிஜமாகவே காத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அன்றுதான் என் மண்டையில் ஏறியது.

அடுத்த வாரம் பசைக்காரரே வந்தார். உடைந்த பலகைகளைத் தடவிப் பார்த்து, "பசை விடவில்லை, பாருங்கள், மரம்தான் கிழிந்திருக்கிறது" என்று பெருமைப்பட்டார். நான் அவரைக் கொன்றிருப்பேன். டிசைன் பெண் அவரை வெளியே இழுத்துக்கொண்டு போனாள். சந்து விட்டால் மண் கொட்டும், விடாவிட்டால் வெடிக்கும். இருவரும் கல்லின்மேல் உட்கார்ந்து பொழுது சாயும்வரை பேசினார்கள். கடைசியில் சந்தை அப்படியே விட்டு, அதன்மேல் ஒரு மெல்லிய பட்டையை வைத்து, பட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும் ஆணி அடிப்பது என்று முடிவானது. பலகை உப்பினால் பட்டைக்கு அடியில் நகர்ந்துகொள்ளும்; மண்ணும் இறங்காது. அந்தப் பட்டை யாருடைய யோசனை என்று பிறகு இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். அடுத்தவருடையது என்றுதான் இருவரும் சொன்னார்கள். லைன் முழுவதும் ஆப்புகளை எடுத்துவிட்டுப் பட்டை அடித்தோம். அதன்பின் அந்த சீலிங்குகள் சத்தம் போடவில்லை.

எங்கள் வீட்டில் மட்டும் அம்மா விடவில்லை. உடைந்த பலகையை மாற்றிக்கொள்ளச் சம்மதித்தாள். ஆனால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "ஆப்பு அப்டியே இருக்கட்டும்" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "மண்ணு விழும்" என்றாள். பட்டை போட்டால் விழாது என்று டிசைன் பெண் விளக்கினாள். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஏணியை எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டாள். பசைக்காரருக்கு இது சௌகரியமாகப் போனது. பட்டை போட்ட வீடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பட்டை போடாத வீடு ஒன்று வேண்டும் என்றார். "நம்ம ஆராய்ச்சிக்கு நல்லதுதானே?" என்று என்னிடமே கேட்டார். என் தாயின் துக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற அளவுக்கு எனக்கு அறிவு முற்றவில்லை என்று சொன்னேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை, அன்றைக்கு எனக்கு அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

பக்கத்து வீடுகளின் இறுக்கம் வந்து சேராததால் எங்கள் சீலிங் அதன்பின் வெடிக்கவில்லை; மழை வரும்போதெல்லாம் முனகும். முதலில் சின்னதாக ஒரு டிக். பிறகு மர நாற்காலியில் கனமான ஆள் அசைந்து உட்காருவதுபோல ஒரு முறுக்கல். அம்மா கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பாள். கொஞ்ச நேரத்தில் சேலையை மாற்றிக்கொண்டு ஷாஃப்ட் வாசலுக்குப் போய்வருவாள். திரும்பி வரும்போது முகம் தெளிவாக இருக்கும். ஒரு தடவை பின்னாலேயே போனேன். வாசலில் அன்று வேறு ஆள். அவருக்கும் பழையவர் சொல்லி வைத்திருப்பார் போல. அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்று, "நல்லா கீறாரும்மா" என்றார். ஊரே சேர்ந்து என் அம்மாவை ஏமாற்றுகிறது என்று கொதித்தேன். மழையில் வேப்ப மரத்தடியில் நின்று எனக்கே தெரியாமல் நானும் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டபோது எனக்கும் மனம் ஆறியது.

இதை டிசைன் பெண்ணிடம் சொல்லி, வந்து அந்த ஆப்புகளைப் பிடுங்கிவிடு என்று கெஞ்சினேன். "பிடுங்கினா சத்தம் நிக்கும். அவங்க காத்திருக்கிறது நிக்குமா?" என்று கேட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. வேலைக்கு வந்த இடத்தில் என் வீட்டைப் பற்றி இவளுக்கு என்ன என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் ஆப்பைப் பிடுங்கச் சொல்லி அதற்குப் பிறகு யாரையும் நான் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். மூடப் போகிறார்கள் என்று பல வருடமாகப் பேச்சு. மூடியபோது யாரும் தயாராக இல்லை. ஷிஃப்டுக்கு ஊதும் சங்கு நின்றது. ஆட்களை உள்ளே இறக்கும் கேஜின் சக்கரம் நின்றது. ஆஸ்பத்திரியில் அம்மாவின் வேலையும் போயிற்று. எதிர்வீட்டு அண்ணன் பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்குப் போக என்னோடு விடியற்காலை ரயிலில் வர ஆரம்பித்தார். பழக்க தோஷத்தில் ரயில் ஜன்னல் ஆடுகிறது என்று காகிதத்தை மடித்துச் சந்தில் செருகுவார். பிறகு கீழே தண்ணீர் இறைக்கும் பம்புகளும் நின்றுவிட்டன என்று அவர்தான் ஒருநாள் சொன்னார். அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை.

அந்த வருடம் மழை பிடித்ததும் சீலிங் முறுக்கியது. ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தோம். அம்மா எழுந்தாள். சர்ச்சுச் சேலையிலேயே கிளம்பினாள். "ம்மா, அங்க யாரும் இல்ல" என்றேன். குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். நானும் போனேன்.

கம்பிக் கதவில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. டைம் ஆபீஸின் ஜன்னல் கதவை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். உள்ளே வில்லைகள் மாட்டும் ஆணிகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிடவில்லை. வெகுநேரம் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பம்பு சத்தமே கேக்கல."

"நிறுத்திட்டாங்கம்மா."

"எப்போ?"

"கொஞ்ச மாசம் ஆச்சு."

"அப்ப தண்ணி ஏறுமே."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். "நீதான் தண்ணிக் கணக்கெல்லாம் படிச்சவளாச்சே. அவரு கீற லெவலுக்கு வந்திருக்குமா?"

"நல்லா கீறாரும்மா" என்று சொல்லியிருக்கலாம். அந்த வாசலில் அதைச் சொல்ல ஆள் இல்லாமல் போனதால் அது என் வேலையாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவள் கேட்டது அதை இல்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அம்மா பதிலைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்.

"வந்திருக்கும்மா. அவரோடது ரொம்ப ஆழம். அதுக்குத்தான் மொதல்ல வந்திருக்கும்."

அம்மா கம்பியிலிருந்து கையை எடுத்தாள். குடையை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். லைனுக்கு வந்ததும் எங்கள் வீட்டுக்குள் போகவில்லை. எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள். அக்கா உள்ளே சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு போயிட்டாருடி" என்றாள் அம்மா.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். பானையைக் கீழே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"எப்பக்கா?" என்று கேட்டாள்.

"இப்பதான்."

அக்கா அம்மாவின் தோளைப் பிடித்து எங்கள் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பாய் விரித்து உட்கார வைத்தாள். வெளியே போய் லைனில் சொன்னாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பத்து வருடமாகத் தெரிந்த சாவுக்கு, அன்று காலையில் நடந்ததுபோல, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வந்தார்கள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், அம்மாவும் அழுதாள். ஆண்கள் பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே போட்டு, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்கள். யாரோ போதகரைக் கூப்பிட ஓடினார்கள். எங்கள் அடுப்பைப் பற்றவைக்க விடவில்லை. எதிர்வீட்டிலிருந்து அண்டாவில் காபி வந்தது. அப்பாவின் சாவு எனக்குப் பழகிப்போன விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். எதிர்வீட்டு அண்ணன் உள்ளே வந்து என் தலையில் கை வைத்து, "அப்பா போயிட்டாரேம்மா" என்றார். அதற்குப் பிறகு என்னாலும் அழுகையை நிறுத்த முடியவில்லை.